கொல்லைப் பறவைகளுக்கு ஒரு பேரேடு

(பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே செய்து பார்க்கத்தக்க சில சோதனைகள்)

கடன் வேண்டி விண்ணப்பம் கொடுத்த அங்கத்தினர் ஒருவரை, அவர் நல்லவர் என்று நாலு பேர் சொல்லக் கேட்டதனால் மட்டும் சங்கத்தின் பஞ்சாயத்தார் நம்பிவிடுவதில்லை. பொல்லாதவர் என்று நாலு பேர் சொல்லக் கேட்டதனால் தள்ளிவிடுவதுமில்லை. பேரேட்டைப் பிரித்து, அவர் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் பற்றையும் வரவையும் பார்க்கிறார்கள். ஒரு தவணை தவறியிருந்தால், அது எந்த வருஷத்தில், என்ன காரணத்தால் தவறியது என்று விசாரிக்கிறார்கள். அதன் பின்னரே தீர்மானம் எழுதப்படுகிறது.

மனிதர்களுக்குள் இவ்வளவு நியாயம் வழங்குகின்ற கிராமத்திலே, அம்மனிதர்களின் கூரையிலும் கொல்லையிலும் குடியிருக்கும் பறவைகளுக்கு மட்டும் அந்த நியாயம் கிடைப்பதில்லை. சிட்டுக்குருவி நெல்லைத் தின்கிறது என்று ஒரு புகார். கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு புகார். கரிச்சான் எதற்கும் உதவாத பறவை என்று ஓர் அபிப்பிராயம். விசாரணையின்றியே தண்டனை நிறைவேற்றப்படுகிறது. அதை நிறைவேற்றுபவன் பெரும்பாலும் பத்து வயதுப் பையன். அவன் கைக்கருவி உண்டிவில். அவன் அடித்து வீழ்த்தியது தன் தகப்பனாருடைய பயிருக்குக் காவலிருந்த பறவையா, கதிரைக் கொறித்த பறவையா என்பது அவனுக்கும் தெரியாது, தகப்பனாருக்கும் தெரியாது.

கணக்குப் பாராமல் செய்த தீர்மானம் ஒரு தேசத்தையே எவ்வளவு வருத்தக்கூடும் என்பதற்குச் சீனதேசம் ஓர் உதாரணமாகும். 1958ஆம் ஆண்டில் அத்தேசத்து அரசாங்கத்தார் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் பீடைகளென்று விளம்பரப்படுத்தி, அவற்றை ஒழிக்கும்படி ஜனங்களை ஏவினார்கள். குருவி தானியத்தைத் தின்கிறது என்பதே அதன்மேல் சாட்டிய குற்றம். ஜனங்கள் தெருக்களிலும் கூரைகளிலும் நின்று, முரசுகளையும் பாத்திரங்களையும் தட்டி, குருவிகளை எங்கும் உட்காரவொட்டாமல் துரத்தினார்கள். பறந்து பறந்து களைத்தவை வீழ்ந்து மடிந்தன, கூடுகள் பிய்த்தெறியப்பட்டன. குருவி தின்ற தானியத்தைக் கணக்கிட்டவர்கள், அது தின்ற பூச்சிகளைக் கணக்கிடவில்லை. வெட்டுக்கிளி முதலிய பூச்சிகள் பெருகின. 1960ஆம் ஆண்டில் குருவியின் பெயரை அப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மூட்டைப்பூச்சியின் பெயரை எழுத நேர்ந்தது. அவ்வருஷங்களில் அங்கே உண்டான பெரும் பஞ்சத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. எனினும் பயிரின் காவலாளரில் ஒரு பகுதியாரைத் தாமே ஒழித்துக்கொண்டதும் அத்துன்பத்துக்குத் துணையாயிற்று.

இதற்கு நேர்மாறான உதாரணம் செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஆகும். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலியவற்றின் எச்சம் கலந்த நீர், வயலுக்குப் பாயும்போது எருவாகப் பயன்படுவதை அவ்வூர்க் குடியானவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டறிந்தார்கள். அப்பறவைகளை எவரும் சுடலாகாது என்று அவர்கள் வேண்டிக்கொள்ள, 1798ஆம் ஆண்டில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவர் அதற்கு உத்தரவு எழுதிக் கொடுத்தார். அவ்வூரார் படித்த விஞ்ஞானிகள் அல்லர். பறவையின் வரவுப் பக்கத்தையும் பார்த்தவர்கள், அவ்வளவே.

அவ்வாறு இரு பக்கமும் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு வீட்டுக் கொல்லையிலேயே கற்பிக்க முடியும். அதற்குப் பணச்செலவு இல்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகம், பென்சில், மண் தட்டு, கொட்டாங்கச்சி, புளியங்கொட்டை ஆகியவை போதும். அங்கத்தினர்கள் தங்கள் வீட்டுச் சிறுவர் சிறுமியரைக் கொண்டு செய்விக்கத்தக்க சோதனைகள் கீழே விவரிக்கப்படுகின்றன.

பேரேடு எழுதும் முறை

முதலில் நாள்வழி. தேதி, மணி, வெயில் அல்லது மழை, பறவையின் பெயர், எத்தனை, என்ன செய்தது என்று ஆறு கட்டங்கள் போடவேண்டும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால்மணி நேரம் உட்கார்ந்து கண்டதை எழுதவேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் பறவைகள் மிகுதியாக நடமாடுமாதலால் அந்நேரமே நல்லது.

எண்ணும்போது ஒரு பிழை எளிதில் நேரும். முதலில் மூன்று மைனாக்கள் வந்து போகின்றன. சற்றுப் பொறுத்து ஐந்து வருகின்றன. பிறகு இரண்டு வருகின்றன. பிள்ளை பத்து என்று எழுதிவிடும். வந்தவையே திரும்பி வந்திருக்கலாமன்றோ? ஆகவே ஒரே சமயத்தில் கண்ணிற்பட்ட மிக அதிகமான தொகை எதுவோ, அதாவது ஐந்து, அதையே எழுதவேண்டும். ஒரே ரசீதை இருமுறை வரவு வைக்கலாகாது என்பது சங்கத்துக் காரியதரிசிகள் அறிந்த விதியே.

பெயர் தெரியாத பறவை வந்தால் ஊகித்து ஒரு பெயரை எழுதிவிடலாகாது. அதை அநாமத்துக் கணக்கில் வைத்து, நிறம், அலகின் வடிவம், வாலின் நீளம், குரல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பாட்டியையோ, ஆடு மேய்ப்பவரையோ, பள்ளி ஆசிரியரையோ கேட்டுத் தெளிந்தபின் உரிய பெயருக்கு மாற்றலாம். எழுதியதை ரப்பரால் அழிக்கவே கூடாது. தவறானால் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அண்ணனும் தங்கையும் தங்கள் புத்தகங்களை மாற்றிக்கொண்டு தணிக்கை செய்தல் நலம்.

நாள்வழியிலிருந்து ஒவ்வொரு பறவைக்கும் தனிப் பக்கம் ஒதுக்கிப் பேரேட்டுக்கு ஏற்றவேண்டும். தானியம், பழம் முதலியவற்றைத் தின்றால் பற்று. பூச்சி, புழு, எலி முதலியவற்றைத் தின்றால் வரவு.

முதற் சோதனை: தண்ணீர்த் தட்டு

அகன்ற மண் தட்டு இரண்டு வேண்டும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. ஆழமான பாத்திரத்தில் குஞ்சுகள் விழுந்து மூழ்கிவிடும். நடுவே ஒரு சொரசொரப்பான கல்லை வைத்தால் சிறு பறவைகள் நின்று குடிக்க வசதியாயிருக்கும். ஒரு தட்டைத் தரையிலும், மற்றொன்றை இடுப்பளவு உயரமுள்ள கல் அல்லது மரத்துண்டின்மேலும் வைக்கவேண்டும். பூனை பதுங்கக்கூடிய புதர் பத்தடிக்குள் இருக்கலாகாது.

எந்தப் பறவை எந்தத் தட்டை நாடுகிறது? குடிக்க மட்டும் வருகிறதா, குளிக்கவும் செய்கிறதா? குடிக்கும் விதம் என்ன? காகமும் சிட்டும் ஒரு வாய் அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்கும். புறாவோ அலகை நீரிலேயே வைத்தபடி மாடு குடிப்பதுபோல உறிஞ்சும். இதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும்வரை சொல்லாதிருப்பது நல்லது.

நீரை நாள்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவவேண்டும். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டு, அது புழுவாகிக் கொசுவாய்ப் பறக்க ஒரு வாரமளவு ஆகும். தினசரி மாற்றும் நீரில் அது கூடாது.

இரண்டாம் சோதனை: நான்கு கொட்டாங்கச்சி

ஒரே அளவுள்ள நான்கு கொட்டாங்கச்சிகளை எடுத்துக்கொள்ளவேண்டும். ஒன்றில் கம்பு, ஒன்றில் நெல், ஒன்றில் வாழைப்பழத் துண்டு வைக்கவேண்டும். தானியத்தை ஒரே சிறு கிண்ணத்தால் தலைவழித்து அளந்து போடுதல் அவசியம். காலை ஏழு மணிக்கு வைத்து, பத்து மணிக்கு மீந்ததைத் திரும்ப அளக்கவேண்டும். குறைந்தது எவ்வளவோ அதுவே பற்று. தானியத்தைச் சிட்டும் சில்லையும் நாடுவதையும், பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் நாடுவதையும் அனேகமாகக் காணலாம்.

இங்கே நியாயத்துக்காக இரண்டு காரியங்கள் செய்யவேண்டும். முதலாவது, கொட்டாங்கச்சிகளின் இடத்தைத் தினமும் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால், பறவை கம்பை விரும்பி வந்ததா, அல்லது கம்பு இருந்த நிழலை விரும்பி வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டாவது, நான்காம் கொட்டாங்கச்சியிலும் கம்பை அளந்து போட்டு, அதன்மேல் கோழிக் குஞ்சுகளைக் கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைக்கவேண்டும். அதற்குள் பறவை நுழையாது, எறும்பு நுழையும். அதில் குறைந்த அளவு எறும்பின் பற்று. அதைக் கழித்த பிறகே மீதியைப் பறவையின் பேரில் எழுதலாம். அணில் வந்து போனால் அதையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஒருவன் வாங்கிய கடனை மற்றொருவன் பேரில் எழுதுவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதைப் பிள்ளை இதனால் அறியும்.

உப்பிட்ட சோறு, ஊறுகாய் கலந்த மிச்சம், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைப் பறவைகளுக்கு இடலாகாது. ஒரு வாரம் சோதித்தபின் கொட்டாங்கச்சிகளைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். பறவையை வேலையற்ற விருந்தாளியாக்குவது சோதனையின் நோக்கமன்று.

மூன்றாம் சோதனை: அலகும் ஆயுதமும்

பறவைக்குக் கையில்லை, அலகே அதன் கை, கத்தி, அரிவாள், உலக்கை எல்லாம். இதை விளக்க ஒரு விளையாட்டு உண்டு. இடுக்கி, பாக்குவெட்டி, சல்லடைக் கரண்டி, உள்ளே துளையுள்ள பப்பாளி இலைக்காம்பு ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளவேண்டும். அவற்றுக்கு எதிரே தோலோடு கூடிய நிலக்கடலை, மணலில் புதைத்து நுனிமட்டும் தெரியும் நூல் துண்டு, தண்ணீரில் மிதக்கும் உமி, குறுகிய வாயுள்ள புட்டியில் வெல்லத் தண்ணீர் ஆகியவற்றை வைக்கவேண்டும். எந்த ஆயுதத்தால் எந்த உணவை விரைவில் எடுக்க முடிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் சோதிக்கட்டும்.

பாக்குவெட்டி கடலையை உடைக்கும். அது கிளியின் அலகு. இடுக்கி நூலைப் பிடுங்கும். அது தரையைக் குத்திப் புழுவெடுக்கும் கொண்டலாத்தியின் அலகு. சல்லடை உமியை அரித்தெடுக்கும். அது வாத்தின் அலகு. பப்பாளிக் காம்பு இனிப்பு நீரை உறிஞ்சும். தேன்சிட்டு நாவினால் பூந்தேனை எடுப்பதற்கு அது ஏறக்குறைய ஒப்பாகும். இவ்விளையாட்டை ஆடிய பிள்ளை, பெயர் தெரியாத பறவையைக் கண்டாலும், அலகைப் பார்த்தே அதன் ஆகாரத்தை ஊகிக்கத் தொடங்கும். ஊகத்தை ஊகமென்றே எழுதிவைத்துப் பின்னர்க் கண்ணால் கண்டு உறுதிசெய்யவேண்டும்.

நான்காம் சோதனை: புளியங்கொட்டைக் கணக்கு

சிட்டுக்குருவியின் மேலுள்ள புகாரை விசாரிக்க இதுவே தக்க சோதனை. கூரையிடுக்கிலோ சுவர்ப் பொந்திலோ குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில், கூட்டிலிருந்து இருபது அடி தள்ளி அசையாமல் உட்காரவேண்டும். ஒரு மடியில் புளியங்கொட்டைகள். பக்கத்தில் வெறுங் கிண்ணம். தாயோ தகப்பனோ இரையோடு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் இடவேண்டும். காலையில் அரைமணி, நடுப்பகலில் அரைமணி, மாலையில் அரைமணி என மூன்று வேளையும் எண்ணுதல் அவசியம். ஒரு வேளையை மட்டும் எண்ணினால் தொகை கூடவோ குறையவோ செய்யும்.

கணக்கிடும் வகைக்கு ஓர் உதாரணம்: காலையில் 9, பகலில் 4, மாலையில் 8 என்று விழுந்ததாக வைத்துக்கொண்டால், ஒன்றரை மணியில் 21. மணிக்கு 14 ஆகிறது. பகலில் பத்து மணி நேரம் இரை தேடுவதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 140. குஞ்சுகள் கூட்டிலிருக்கும் இரண்டு வாரத்தில் 1,960. இத்தொகை எல்லாக் கூட்டுக்கும் பொருந்துவதன்று. அவரவர் கூட்டுக்கு அவரவர் எண்ணிய தொகையே பிரமாணம். பெருக்கிக் கண்ட தொகைக்குப் பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று எழுதவேண்டும்.

எண்ணுவதோடு, அலகிலிருப்பது என்னவென்றும் பார்க்கவேண்டும். பச்சைப் புழுவா, வெட்டுக்கிளியா, வண்டா? தெளிவாகத் தெரியாதவை அநாமத்தில் சேரும். களத்திலே நெல்லைக் கொறிக்கும் அதே குருவி, தன் குஞ்சுகளுக்கு மிகுதியாகப் பூச்சி புழுக்களையே ஊட்டுகிறது என்பது இச்சோதனையால் விளங்கும். தைமாதத்தில் களத்துமேட்டில் மட்டும் குருவியைப் பார்த்தவனுக்கு அது வெறுங் கடன்காரன். குஞ்சு பொரிக்கும் காலத்திலும் பார்த்தவனுக்கு அது தவணை செலுத்துகிறவன். வருஷக் கணக்கை ஒரு மாதத்தைக் கொண்டு முடிக்கலாகாது.

ஐந்தாம் சோதனை: வயலில் ஒரு கொம்பு

கரிச்சானை இரட்டைவால் குருவி என்றும், வலியன் என்றும் சொல்வர். உயர்ந்த இடத்தில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்திருந்து, பூச்சி கண்ணிற்பட்டதும் பாய்ந்து பிடித்து, திரும்ப அதே இடத்துக்கு வந்து உட்காருவது அதன் வழக்கம். மரமில்லாத வயலில் அதற்கு உட்கார இடமில்லை. காய்ந்த கிளைகளையோ, குறுக்குக் கட்டை கட்டிய கழிகளையோ பயிருக்கு மேல் இரண்டு மூன்றடி நிற்கும்படி, ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நட்டுவைத்தால் அவை பறவை தாங்கிகளாகும். இரவில் அவற்றின்மேல் கூகையும் வந்தமரும்.

பிள்ளைகள் இரு வயல்களைத் தேர்ந்துகொள்ளவேண்டும். இரண்டிலும் ஒரே பயிர், ஒரே சமயத்தில் நட்டதாக இருக்கட்டும். ஒன்றில் கழி நடவேண்டும், மற்றதில் நடலாகாது. வாரந்தோறும் ஒவ்வொரு வயலிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பத்துச் செடிகளைப் பார்த்து, புழுக்களை எண்ணி எழுதவேண்டும். நல்ல செடியாகவோ கெட்ட செடியாகவோ பார்த்துப் பொறுக்கலாகாது. பத்தடிக்கு ஒன்று என்று நடந்து, காலடியில் வந்த செடியையே எடுத்துக்கொள்ளவேண்டும். கரிச்சான் அரைமணியில் எத்தனை தரம் பாய்கிறது என்பதையும் புளியங்கொட்டையால் எண்ணலாம். கதிர் முற்றத் தொடங்கியதும் கழிகளைப் பிடுங்கிவிடுதல் நலம்; இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அவையே ஆசனமாகிவிடும்.

ஆறாம் சோதனை: கூகையின் உருண்டை

புழக்கத்திலில்லாத மச்சு, பாழ்மண்டபம், கோயில் கோபுரம் ஆகியவற்றின் அடியில் கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடப்பதுண்டு. இவை எச்சமல்ல. கூகை தன் இரையை முழுதாக விழுங்கி, சதையைச் செரித்துக்கொண்டு, செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடுகிறது. அஃதாவது, தான் தின்றதற்கெல்லாம் கூகை தானே ரசீது எழுதிப் போட்டுவிடுகிறது. படிக்கத் தெரிந்தவர் இல்லாமையே குறை.

பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும். உருண்டையை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுத்து, கொதிநீர் விட்டு ஆறவைத்து, பழைய தட்டில் போட்டு, ஈர்க்குச்சிகளால் மெல்லப் பிரிக்கவேண்டும். மயிர் ஒருபுறம், எலும்பு ஒருபுறம். மண்டையோடுகளை மட்டும் வரிசையாக வைத்து எண்ணினால், எத்தனை உயிர்கள் என்பது தெரிந்துவிடும். முன்னே உளிபோன்ற பெரிய பற்களும், அவற்றுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெற்றிடமும் இருந்தால் எலி. இடைவெளியின்றிக் கூரிய சிறு பற்கள் வரிசையாயிருந்தால் மூஞ்சூறு. வேலை முடிந்ததும் தட்டையும் குச்சிகளையும் அப்புறப்படுத்தி, கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவவேண்டும்.

ஓர் உருண்டையில் மூன்று எலி மண்டைகளைத் தன் கையால் எடுத்து வைத்த பிள்ளையிடம், கூகை அபசகுனம் என்று சொல்லிப் பார்க்கட்டும். அந்த மூன்று எலிகளும் உயிரோடிருந்தால் யாருடைய குதிரில், எந்தச் சங்கத்தின் கிடங்கில் இரை தேடியிருக்கும் என்று அது திருப்பிக் கேட்கும். எலிக்கு வைக்கும் விஷங்களில் சில, அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்த கூகையையும் கொன்றுவிடுகின்றன என்பதையும் இவ்விடத்தில் அங்கத்தினர்கள் கருதவேண்டும். கடன் வசூலிக்கும் சேவகனையே ஒழித்துவிட்டு, கடன் பாக்கி நிற்கிறதென்று வருந்துவதில் பயனில்லை.

ஏழாம் சோதனை: விழுந்த கூடு

தூக்கணாங்குருவி தன் கூட்டினுள் களிமண்ணை அப்பி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. மழைக்காலம் கழிந்து, குஞ்சுகள் பறந்தபின், காற்றில் தானே அறுந்து கீழே விழுந்த கூட்டை எடுத்துப் பிரித்தால் இதை விசாரித்துவிடலாம். மண் கட்டி பெரும்பாலும் இருக்கும், மின்மினி இராது. காற்றில் கூடு அதிகமாக ஆடாதிருக்க அம்மண்ணின் பாரம் உதவலாமென்று கருதுவோர் உண்டு. நார்களை நீளப்படி பிரித்து எண்ணுவதும், இரண்டு விரல்களால் அதேபோல ஒரு முடிச்சுப் பின்ன முயல்வதும் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. ஒரு முடிச்சுப் போட்டுப் பார்த்த பிள்ளை, தொங்குகிற கூட்டைக் கல்லெறிந்து வீழ்த்தாது.

பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்திலுள்ள கிஹிம் என்னும் ஊரில், சலீம் அலி 1930ஆம் ஆண்டில் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டத்தை நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு கட்டி நிறுத்துகிறது. பெட்டை வந்து பார்வையிட்டு ஏற்றுக்கொண்டபின்னரே மீதியை முடிக்கிறது. பிறகு அதே ஆண் இன்னொரு கூட்டைத் தொடங்கி இன்னொரு பெட்டையை அழைக்கிறது என்பவற்றை அவர் தெளிவாக எழுதினார். மரத்தில் அரைகுறையாய்த் தொங்கும் கூடுகளின் மர்மம் அதனால் விளங்கிற்று. அவர் அதற்கு உபயோகித்த முக்கியமான கருவி பொறுமையே. அது எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்கக்கூடியது.

ஐந்தொகை

வருஷ முடிவில் ஒவ்வொரு பறவைக்கும் ஐந்தொகை எடுக்கவேண்டும். எல்லாப் பறவைக்கும் வரவே மிஞ்சும் என்று முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவைப்பது பொய்க்கணக்கு எழுதச் சொல்வதற்குச் சமானம். சோளக் கொல்லையில் கிளியின் பற்று பெரிதாயிருக்கலாம். மயிலால் விதைப்பும் காய்கறியும் சேதமாகும் ஊர்கள் உண்டு. அதையும் உள்ளபடியே எழுதவேண்டும். அதிகாரிகளிடம் முறையிட நேர்ந்தாலும், தேதி, இடம், அளவு குறித்த புத்தகமே வாய்ப்பேச்சைவிட மதிக்கப்படும். பற்று மிஞ்சிய பறவையையும் விரட்டலாமேயன்றிக் கொல்லலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

பீகாரிலுள்ள பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்திலும் இதே வழியே பின்பற்றப்பட்டது. பறவைகளின் இரைப்பையைத் திறந்து பார்த்து, தானியம் எவ்வளவு, தீமை செய்யும் பூச்சி எவ்வளவு, நன்மை செய்யும் பூச்சி எவ்வளவு என்று பிரித்து, மேஸன், மாக்ஸ்வெல் லெப்ராய் என்ற இருவர் 1912ஆம் ஆண்டில் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டனர். பிள்ளைகள் பறவையைக் கொல்லாமலே, கண்ணாலும் புளியங்கொட்டையாலும் அவ்வேலையில் ஒரு பங்கைச் செய்கிறார்கள்.

ஒரு வீட்டுக் கணக்கால் என்ன ஆகும் என்று கேட்கலாம். சிறு சேமிப்பைப் பற்றியும் முதலில் அவ்வாறே கேட்டார்கள். அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தில் 27 பேர் 25 இடங்களில் பறவைகளை எண்ணத் தொடங்கினர். அக்கணக்கு ஆண்டுதோறும் நடந்து, இன்று பல்லாயிரவர் சேர்ந்து செய்வதாகப் பெருகியிருக்கிறது. 1998ஆம் ஆண்டில் அத்தேசத்திலேயே, பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் அவரவர் வீட்டுக் கொல்லையில் எண்ணும் வழக்கம் ஏற்பட்டது. 2013 முதல் இந்தியர்களும் அதில் சேர்ந்து எண்ணிவருகின்றனர். தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிய நாட்களிலும் அவ்வாறு எண்ணப்படுகிறது. எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்பதை இப்படிச் சேர்ந்த சிறு கணக்குகளே காட்டுகின்றன.

எச்சரிக்கைகள்

கூட்டைத் தொடுவதும், முட்டையை எடுப்பதும், குஞ்சைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் கூடாது. பெற்ற பறவை பதறிக் கத்தினால் உடனே பின்வாங்கவேண்டும். இரையூட்டும் வேளை தவறினால் குஞ்சு மடியும். செத்த பறவையையோ நோயுற்ற பறவையையோ பிள்ளைகள் தொடலாகாது. ஒரே இடத்தில் பல பறவைகள் மடிந்து கிடந்தால் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். தட்டையும் கொட்டாங்கச்சியையும் தொட்டபின் கை கழுவுதல் என்றும் தவறலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஆண்டு மகாசபை கூடும் நாளில், வரவு செலவு வாசித்து முடிந்தபின், கிராமத்துப் பிள்ளைகளில் இருவர் தங்கள் பறவைப் பேரேட்டிலிருந்து ஒரு பக்கத்தை எழுந்து வாசிக்கும்படி பஞ்சாயத்தார் ஏற்பாடு செய்யலாம். சிறந்த புத்தகத்துக்குப் பரிசாகப் புதியதொரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால் போதுமானது. அன்று அங்கத்தினர்கள் பிள்ளைகளைக் கேள்வி கேட்கவேண்டும்: எத்தனை மணிக்குப் பார்த்தாய், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாய், எறும்பின் பற்றைக் கழித்தாயா என்று கேட்கவேண்டும். அவ்விதம் கேட்கப்பட்டுப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, பெரியவனானபின் சங்கத்தின் கணக்கையும் அவ்வாறே கேட்கும். கேட்பவர்களுள்ள சங்கம் கெடுவதில்லை.

உண்டிவில்லைப் பிடுங்கி எறிந்தால் பையன் நாளைக்கு வேறொன்று செய்துகொள்வான். பிடுங்குவதற்குப் பதிலாக, அவன் குறிவைத்த பறவையின் பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்து அவன் கையில் கொடுத்து, ஒரு மாதம் வரவும் பற்றும் எழுதிவிட்டு அதன்பின் விருப்பம்போல் தீர்மானம் செய் என்று சொல்லிப் பார்க்கவேண்டும். ஒரு மாதம் கணக்கெழுதியவனுக்குக் கல்லைத் தேடப் பொழுதிராது.